தாழ்மை என்றால் வாயைப் பொத்துவதா?

திருகோணமலைப் பக்கமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றுகின்றன: விசுவாசி நியாயம் கேட்கலாமா, கேட்டால் தாழ்மை என்னாவது? வேதாகமம் பற்றிய பகுதிக்கு ஒரு குருவானவரும், கந்தோர் கடதாசிகள் பற்றிய பகுதிக்கு ஒரு சட்டத்தரணியும் சேர்ந்து பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஜெபக்கூட்டத்தில் மீகா 6:8ஐ வாசித்துவிட்டு, 'மனத்தாழ்மையுள்ளவன் கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலில் போய் நிற்கமாட்டான்' என்று பிரசங்கித்தார்கள். அப்படியா? (வாசகர், உவர்மலை)

அப்படியில்லை. அந்த வசனத்தை முழுதாக வாசியுங்கள்: 'நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை.' மூன்று காரியம் கேட்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதைத் தூக்கி முதலாவதின் வாய்க்குள் திணிப்பது வாசிப்பாகாது. தாழ்மை யாருக்கு முன்பாக என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது: 'உன் தேவனுக்கு முன்பாக'. கந்தோர் மேசைக்கு முன்பாக என்று மீகா எழுதவில்லை.

நியாயம் என்ற இடத்தில் எபிரேயத்தில் உள்ள சொல் 'மிஷ்பாட்'. ஊர் வாசலில் மூப்பர்கள் கூடி வழக்குத் தீர்க்கும்போது சொல்லும் தீர்ப்புக்கும் அதுவே பெயர். அதாவது மனதுக்குள் வைத்திருக்கும் நல்லெண்ணத்தைவிடக் கெட்டியான ஒரு காரியம்; ஒரு வழக்கு, இரண்டு தரப்பு, ஒரு முடிவு. 'மனத்தாழ்மையாய்' என்பதற்குரிய சொல்லின் வேர் பழைய ஏற்பாட்டில் இன்னும் ஒரேயோர் இடத்தில், நீதிமொழிகள் 11:2ல் வருகிறது. அங்கே அது அகந்தைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. தன் அளவு தெரிந்து நடப்பது என்று விளங்கிக்கொள்ளலாம்.

இனி மீகா யார் என்று பாருங்கள். எருசலேமுக்குத் தென்மேற்கே தாழ்நிலத்துக் கிராமமொன்றில் பிறந்து, கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பேசியவர். வயலையும் வீட்டையும் ஆசைப்பட்டுப் பறிக்கிறவர்களை 2:2ல் சாடுகிறார். பரிதானம் வாங்கித் தீர்ப்புச் சொல்லும் தலைவர்களையும், கூலிக்குப் போதிக்கும் ஆசாரியர்களையும் 3:11ல் ஒரே மூச்சில் இழுக்கிறார். அடுத்த வசனத்தில், சீயோன் வயலைப்போல உழப்படும் என்கிறார். ஏறக்குறைய 100 வருடம் கழித்து எரேமியாவைக் கொல்லப் பார்த்தபோது, ஊர் மூப்பர்கள் எழும்பி மீகாவின் அந்த வசனத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள் (எரேமியா 26:18). அன்றைக்கு எசேக்கியா ராஜா மீகாவைக் கொல்லவில்லையே என்றார்கள். தாழ்மையைப் பற்றி எழுதியவரின் உரத்த பேச்சு இன்னொருவரின் உயிரைக் காக்க உதவியது.

பூமியிலுள்ள எல்லோரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் 12:3 யாரைச் சொல்கிறது? பார்வோனுக்கு எதிரே போய் நின்ற மோசேயை. கச்சேரி வாசல் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: தமிழ் மொழியின் உரிமைக்காக நடந்த 1961 சத்தியாக்கிரகம் திருகோணமலைக் கச்சேரி வாசலிலும் நடந்தது. அதை நடத்திய கட்சியின் தலைவர் செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர்.

கேள்வி: அப்படியானால் ரோமர் 13? அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே. (வாசகர், சாம்பல்தீவு)

அதை எழுதிய பவுலே பிலிப்பி ஊரில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 16ல் இருக்கிறது. விசாரணையில்லாமல் பகிரங்கமாக அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலை, சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. அடித்தது எல்லோருக்கும் முன்னால், அனுப்புவது மட்டும் இரகசியமாகவா, அவர்களே வந்து வெளியே விடட்டும் என்றார். வந்தார்கள். பிறகு லீதியாள் வீட்டுக்குப் போய்ச் சகோதரரைப் பார்த்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போனார். அந்தச் சின்னச் சபை தொடர்ந்து அதே ஊரில் இருக்கவேண்டியிருந்தது. அவர்களுக்காகவும் கேட்டார் என்றே நாங்கள் வாசிக்கிறோம். சட்டத்தை மதிக்கிறவர் அதிகாரியையும் சட்டத்துக்குள் நிற்கச் சொல்லலாம். இயேசுவும் தன்னை அறைந்த சேவகனிடம், பிழையாகப் பேசியிருந்தால் பிழையைக் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, கேட்காமலும் விடவில்லை.

கேள்வி: 2006ல் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள காணி வேறொருவரின் வேலிக்குள் போயிருந்தது. கந்தோருக்குப் போய்ப் போய்க் களைத்துவிட்டேன். 'பைல் மேலே போயிருக்கு' என்பதே பதில். விட்டுக்கொடுத்து ஜெபிப்பதுதான் விசுவாசம் என்கிறாள் தங்கச்சி. (வாசகி, மூதூர்)

லூக்கா 18ல் வரும் விதவைக்குப் பணம் இல்லை, ஆள் இல்லை. திரும்பத் திரும்பப் போவது ஒன்றுதான் கையிலிருந்தது. அவள் நீதிபதியிடம் தயவு கேட்கவில்லை, நியாயம் கேட்டாள். சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணவேண்டும் என்பதற்கே இயேசு இந்தக் கதையைச் சொன்னார் என்று முதல் வசனம் சொல்கிறது. ஆகவே தங்கச்சியும் நீங்களும் சண்டைபிடிக்கத் தேவையில்லை. ஜெபத்துக்கு அவர் காட்டிய உதாரணமே கந்தோருக்குப் போய்வந்த ஒரு பெண்தான்.

ஆனால் இனிமேல் வெறுங்கையோடு போகவேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தக் குடிமகனும் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. படிவம் இருக்கிறது, இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் போதும். 'தகவல் அலுவலர், பிரதேச செயலகம், மூதூர்' என்று விலாசமிட்டு, பெயர், முகவரி, திகதி, அனுமதிப்பத்திர இலக்கம், காணி உள்ள கிராம அலுவலர் பிரிவு எல்லாம் எழுதுங்கள்.

பெரும்பாலும் பிழை வருவது கேள்வி எழுதும் விதத்தில். 'ஏன் எங்கள் காணியைத் தரவில்லை?' என்று எழுதினால், 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்று ஒரு வரி வரும். அந்தச் சட்டத்தின்படி கிடைப்பது கந்தோரிடம் இருக்கும் பதிவுதான், விளக்கமல்ல. ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த இலக்க அனுமதிப்பத்திரத்துக்குரிய காணிப் பேரேட்டுப் பக்கத்தின் பிரதி, இந்தக் காணி வேறு தேவைக்கோ வேறு ஆளுக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதி, கோப்பு இப்போது இருக்கும் அலுவலகத்தின் பெயரும் அனுப்பிய திகதியும். மூன்று போதும். ஒரு கடிதத்தில் ஒரு காணி. மாமாவின் காணியையும் சேர்த்து எழுதினால் இரண்டும் கெடும்.

நேரில் கொடுத்தால் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை தரவேண்டியது அவர்கள் கடமை. தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், அல்லது பேசாமலிருந்தால், அடுத்த 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு 3 கிழமை. அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். வழக்கமாகக் கைநழுவுவது நடுவிலுள்ள அந்த 14 நாட்கள்தான். நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வையுங்கள்.

இன்னொன்று. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அவர்களுடைய விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பழைய பறிப்புக்கு இது பொருந்துமா, இப்போது கிடைக்கும் மறுப்புக்குப் பொருந்துமா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டிக் கேளுங்கள்.

தாழ்மை எங்கே வருகிறது என்று கேட்டீர்களானால், கடிதத்தின் அளவில் வருகிறது. பத்திரத்தில் 2 றூட் 20 பேர்ச் என்றிருந்தால் அது 100 பேர்ச் (ஒரு றூட் 40 பேர்ச்). 'கிட்டத்தட்ட முக்கால் ஏக்கர்' என்று எழுதினால் 120 பேர்ச் ஆகிவிடும். அந்த 20 பேர்ச்சை எதிர்ப்பக்கத்தார் பிடித்துக்கொண்டு உங்கள் மிச்சக் கதை முழுவதையும் பொய்யென்பார்கள். கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து எழுதுங்கள். வேலி போட்டவரைப் பற்றி ஒரு வசைச்சொல் வேண்டாம். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்' என்ற மத்தேயு 5:37 முறைப்பாட்டுக் கடிதத்துக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் அன்பியம் (பங்கிலுள்ள சிறு விசுவாசக் குழு) உலர் உணவு கொடுத்தது. நல்லது செய்யப்போய் ஊர் இரண்டாகிவிட்டது. கூட, குறைய, சொந்தக்காரருக்கு என்று ஒரே கதை. அடுத்த மாரிக்கு என்ன செய்யலாம்? (வாசகர், நிலாவெளி)

இதே சண்டை எருசலேம் சபையிலும் வந்தது. அப்போஸ்தலர் 6ல், கிரேக்கம் பேசும் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு. பந்தி விசாரிக்க ஏழுபேரைத் தெரிவுசெய்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். முறையிட்ட பக்கத்தாரிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது! உங்கள் ஊரில் ஆகக்கூடச் சத்தம்போட்ட இரண்டு பேரை அடுத்தமுறை பட்டியல் எழுதும் குழுவில் போடுங்கள். கோயிலுக்கு வராதவர்களாயிருந்தால் இன்னும் நல்லது.

பட்டியலில் வழக்கமாக விடுபடுகிறவர்கள், முகாமுக்கு வராமல் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வீடு நனையாவிட்டாலும் கடலுக்குப் போகமுடியாமல் கூலி இழந்தவர்கள். ஜீ.எஸ். (கிராம அலுவலர்) பட்டியலை அப்படியே பார்த்தெழுதினால் இவர்கள் தப்பிப்போவார்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரகாலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது உலகெங்கும் பாவிக்கும் அளவு. அரிசி 350 கிராம், கோதுமை மா 80, பருப்பு 60, எண்ணெய் 30, சீனி 30 சேர்ந்தால் அந்த அளவு வரும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிழமைக்கு: அரிசி 10 கிலோ, மா 2¼ கிலோ, பருப்பு 1¾ கிலோ, தேங்காயெண்ணெய் 1 லீற்றர், சீனி 1 கிலோவுக்குச் சற்றுக் குறைய. 'வீட்டுக்கு ஒரு பை' என்று கொடுத்தால் இரண்டு பேர் உள்ள வீட்டில் மிஞ்சும், ஏழு பேர் உள்ள வீட்டில் நாலாம் நாள் முடியும்; கூட, குறைய என்ற கதை முளைப்பது இங்கேதான். ஆள் எண்ணிக்கைப்படி கட்டுங்கள். சவர்க்காரத்தை வேறு பையில் போடுங்கள், இல்லாவிட்டால் சோறு மணக்கும்.

சுண்டுப் பேணியால் அளக்கவே வேண்டாம். ஒருவர் குவித்துப் போடுவார், அடுத்தவர் தலைதட்டிப் போடுவார். வரிசையில் நிற்கிறவர் அரிசியைப் பார்ப்பதில்லை, அளக்கிறவரின் கையைத்தான் பார்ப்பார். தராசில் நிறுத்து முதல்நாளே கட்டிவிடுங்கள். நிறுக்கும் முன் உடைக்காத 1 கிலோ சீனிப் பைக்கற் ஒன்றைத் தட்டில் வைத்துத் தராசு சரியா என்று எல்லோரும் பார்க்கட்டும். மனத்தாழ்மை வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளி, 6:11ல், மீகா கள்ளத்தராசைப் பற்றித்தான் பேசுகிறார்.

பணத்துக்கு 2 கொரிந்தியர் 8:18-21. தர்மப்பணத்தைத் தான் தனியே கொண்டுபோகாமல், சபைகள் தெரிவுசெய்த ஒருவரையும் கூட அனுப்புகிறார் பவுல். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்கவேண்டும் என்கிறார். பெட்டியை எண்ணும்போது ஒரு வீட்டைச் சேராத இருவர் இருக்கவேண்டும். வந்தது, கொடுத்தது, மிச்சம் என்று மூன்று நிரல் போட்டு, திகதியோடு கோயில் கதவில் ஒட்டுங்கள். வாங்கியவர்களின் பெயர் கதவில் வேண்டாம். அது கொப்பிக்குள் இருக்கட்டும். 'ஃபாதரை நம்பமாட்டீர்களா' என்று யாராவது கேட்டால், பவுலே தனியே கொண்டுபோகாமல் இன்னொருவரைச் சேர்த்துத்தான் அனுப்பினார் என்று சொல்லுங்கள்.

படம் எடுப்பதா? வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்கள் கேட்பார்கள்தான். மூட்டைகளையும் பற்றுச்சீட்டையும் எடுத்து அனுப்புங்கள். பையை வாங்கும் ஒரு தாயின் முகம் அவர்களுக்குத் தேவையில்லை. பைக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பதும் வேண்டாம். பசித்தவரின் கையில் அது தூண்டில்போலத்தான் தெரியும்.

கேள்வி: என் மகன் காணாமற்போய்ப் பல வருடம். காணாமலாக்கப்பட்டோர் தினமான ஆகஸ்ட் 30ல் படத்தோடு வீதியில் நிற்கிறேன். 'மன்னித்துவிட்டுப் பூசை ஒன்று கொடுங்கோ அம்மா, மனசு ஆறும்' என்கிறார்கள் கோயில்காரர். என்னால் முடியவில்லை. என் விசுவாசம் குறைவா? (தாய், அன்புவழிபுரம்)

இல்லை அம்மா. 2 சாமுவேல் 21ஐ யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ரிஸ்பாள் என்ற தாய், கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களுக்குக் காவலாக, பாறைமேல் இரட்டுத்துணி விரித்து இருந்தாள். அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவையும் இரவில் மிருகமும் அண்டவிடாமல். அவள் ஒரு வார்த்தை பேசியதாகவும் எழுதவில்லை. தாவீது ராஜா கேள்விப்பட்டு, எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணச் செய்தார். அதன்பிறகே தேவன் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டார் என்கிறது 14ஆம் வசனம். அவளை எழும்பிப் போகச் சொல்ல வேதாகமத்தில் ஒருவரும் இல்லை.

மன்னிப்பைப் பற்றி: லூக்கா 17:3 முதலில் கடிந்துகொள்ளச் சொல்கிறது, மனஸ்தாபப்பட்டால் மன்னிக்கச் சொல்கிறது. செய்தவர் யாரென்றே சொல்லப்படாத இடத்தில் உங்களை அவசரப்படுத்த ஒருவருக்கும் உரிமையில்லை. மனதில் பழி வளராமலிருக்க ஜெபியுங்கள். அது வேறு காரியம். சொல் வராத நாளில் 88ஆம் சங்கீதம் போதும். அது ஆறுதலில்லாமல் இருளிலேயே முடிகிறது, அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

கடதாசிப் பக்கம்: மரணச் சான்றிதழ் எடுக்க உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2016ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போயிருக்கிறார் என்று சொல்லும் வேறொரு சான்றிதழ் பெறலாம். அதைப் பெறுவதால் மகன் இறந்ததாக நீங்கள் ஒத்துக்கொண்டதாகாது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அசல் எதையும் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும்.

கோயில்காரருக்கு ஒரு வார்த்தை. குடும்பம் கேட்காமல் இறந்தோர் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரை வாசிக்கவேண்டாம். காணாமற்போனோருக்கென்று மன்றாட்டில் தனியே வாசியுங்கள். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைக் குரு யூஜின் ஹெபரும் 1990 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பக்கம் காணாமற்போனவர்தான். குருமாருக்கு இந்தப் பட்டியல் அந்நியமில்லை.

கேள்வி: 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைக்குப் போவதில்லை என்று எங்கள் ஒழுங்கையில் இன்னும் சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். (வாசகி, பாலையூற்று)

குண்டு வைத்தவர் வேறு, மூலைக்கடைக்காரர் வேறு. செய்யாதவரைத் தண்டிப்பது நியாயமில்லை. நமக்கே அது பலமுறை நடந்திருக்கிறது, எப்படி வலிக்கும் என்று தெரியும். சீனி எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள்.

கேள்வி: சபைக் கணக்கில் பிழை கண்டு கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். 'தாழ்மையில்லாத பிள்ளை' என்று பெயராகிவிட்டது. (இளைஞர், உட்துறைமுக வீதி)

கேட்டது சரி, வரிசை பிழை. மத்தேயு 18:15-17ல் படிகள் இருக்கின்றன: முதலில் அவரும் நீங்களும் தனியே, பிறகு ஒன்றிரண்டு சாட்சிகளோடு, பிறகுதான் சபை. கணக்கை வைத்திருப்பவரிடம் கொப்பியோடு போய், 'இந்த 14ஆம் பக்கத்துக் கூட்டலை எனக்கு விளங்கப்படுத்துங்கோ ஐயா' என்று கேட்டிருந்தால், பிழை அவருடையதா உங்களுடையதா என்பது அங்கேயே தெரிந்திருக்கும். உங்களுடையதாகவும் இருக்கலாம் என்ற இடத்தை விட்டுக் கேட்பதுதான் தாழ்மை. இப்போதும் போகலாம்.

ஆனால் ஒரு விதிவிலக்கைப் பெரிய எழுத்தில் போடவேண்டும். பிள்ளைகள்மீது துஷ்பிரயோகம் என்றால் இந்தப் படிகள் இல்லை. தனியே போய்ப் பேசாதீர்கள், சபைக்குள் வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். நேரே பொலிஸுக்கு, அல்லது 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு. அந்தச் செய்தியை மூடிவைத்தவர் குருவானாலும் மூப்பரானாலும் நாம் மரியாதைக்காகப் பேசாமலிருக்கக்கூடாது.

கேள்வி: பைல் நகர்வதற்குக் கிளாக்கருக்குக் கொஞ்சம் 'சந்தோசம்' கொடுத்தேன். எல்லோரும் கொடுப்பதுதானே. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா? (வாசகர், தம்பலகாமம்)

சொல்லவேண்டும். பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்கிறது யாத்திராகமம் 23:8. இலங்கைச் சட்டத்தில் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி. உங்கள் உரிமைக்குரிய காரியத்தையே செய்யாமல் இழுத்து, காசு தந்தால்தான் நகர்த்துவேன் என்று அவர் நெருக்கியிருந்தால் உங்கள் பாரம் குறைவு. வரிசையை முந்துவதற்காக நீங்களே நீட்டியிருந்தால் பாரம் அதிகம். அடுத்தமுறை கேட்டால் கொடுக்குமுன் 1954க்கு அழையுங்கள். இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் அது. கொடுத்தபின் அழைத்தால் சிக்கல் உங்களுக்கும் வரும்.

பரிகாரம் என்ன என்று குருவானவர் கேட்கக்கூடும். வரி வாங்கிய சகேயு, ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார் (லூக்கா 19), அவருக்கு ஆள் யாரென்று தெரியும். உங்கள் விடயத்தில் நட்டப்பட்டவர் உங்கள் பைலுக்குக் கீழே போன பைல்காரர். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் தினத்தில் ஒரு காலைப்பொழுது போய், வாங்கில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நிரப்பிக் கொடுங்கள். இரண்டு பேனை கொண்டுபோங்கள். ஒன்று திரும்பி வராது.